டாக்டரிடம் ஒன்று, தாயிடம் ஒன்று

மாரியம்மனை நம்பி இந்த மலையில் பிழைக்கும் என் சொந்தங்களே,

கோவில் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கமிட்டியார் கேட்டார்கள். அம்மன் உன் பெண்சாதியைப் பிழைக்க வைத்த கதையை எழுது, படிக்கிறவர்களுக்கு நம்பிக்கை வரட்டும், ஆனால் அழுகைக் கதையாக இருக்கக் கூடாது என்றார்கள். நம்பிக்கை வர வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். அழக் கூடாது என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. பத்து வருஷம் ஆகியும் இதை முழுதாக நான் யாருக்கும் சொன்னதில்லை. கொஞ்சம் சொல்வேன், வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். இன்றைக்கு முழுதாக எழுதிவிடுகிறேன்.

என் பெயர் மாரிமுத்து. மஸ்கெலியாவைத் தாண்டி நல்லதண்ணிக்குப் போகிற ரோட்டில் எங்கள் தோட்டம். நான் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டுகிற மேல்தட்டில் வேலை செய்கிறேன். என் மனைவி ராக்கம்மா கொழுந்து எடுக்கிறவள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருஷம், மாசி மாதக் கடைசி. ராக்கம்மா அப்போது ஏழு மாசக் கர்ப்பிணி. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கிய முதல் கரு. அன்று காலை பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு மலையேறியவள், பத்து மணிக்கெல்லாம் கூடையோடு விழுந்துவிட்டாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்ததால் உருண்டு போகவில்லை. கூட எடுத்த பெண்கள் நாலு பேர் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள்.

அவள் முகம் ஒரு மாசமாகவே வெளுத்துக்கொண்டு வந்தது. பிள்ளைத்தாய்ச்சி முகம் வெளுத்தால் பொம்பளைப் பிள்ளை என்று, வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்கள் கேலி பண்ணினார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான். நாக்கு சிவந்து வழவழவென்று ஆகிவிட்டது, குழம்பில் காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். தண்ணீர் பிடிக்கிற பீலியிலிருந்து குடத்தோடு லயத்துக்கு ஏறுவதற்குள் மூன்று தரம் உட்காருவாள். மசக்கை என்று நினைத்தேன். ஏழாம் மாசத்தில் என்ன மசக்கை என்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பூச்சி மருந்து கொடுத்தார், இரும்புச் சத்து மருந்தும் கொடுத்தார். எங்கள் பக்கம் ரத்தம் குறைந்தால் வயிற்றுப் பூச்சி என்றுதான் முதலில் பார்ப்பார்கள், அநேகமாக அது சரியாகவும் இருக்கும். இவளுக்கு இல்லை. அன்று கம்பளியில் வந்தவளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. உடனே கடிதம் எழுதி என் கையில் கொடுத்து, இன்றைக்கே கண்டிக்குக் கொண்டு போ என்றார். அட்டனில் ரயில் பிடித்து, அவளை என் மடியில் படுக்க வைத்துக்கொண்டு போனேன்.

கண்டி ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். மூக்குக்கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒரு போத்தல் ரத்தம் ஏற்றினார். மறுநாள் நெஞ்செலும்பில் ஊசி போட்டு, உள்ளேயிருந்து ஏதோ உறிஞ்சி எடுத்தார்கள். ராக்கம்மா சத்தம் போடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். அவள் நகம் பதிந்த இடம் ஒரு வாரம் வரை இருந்தது.

பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். கறிக் குழம்பில் நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுகிறோமே, அந்த மச்சை மனுஷன் எலும்பிலும் இருக்கிறதாம்.

"அந்த மச்சையிலதான் ரத்தம் ஊறுது. இவவின்ர மச்சை பசியில கிடக்குது போலத்தான் தெரியுது. நெடுக ஈரல் குடுத்தால், ஏழெட்டு நாளில ரத்தத்தில புதுச் சிவப்பணு தெரிய வேணும். அதுதான் எனக்கு அடையாளம். அது வந்தால் இவ தப்பியிடுவா. வராட்டில் அது பசியில்லை, வேற வியாதி. அதுக்கு எங்களிட்ட மருந்து இல்லை."

தினமும் அரைப் பவுண்டு ஆட்டு ஈரல், பத்து நாள். அவ்வளவுதான் வைத்தியம். ஊசி மருந்தும் இருந்தது, ஆனால் அப்போது அது அரிது. வாயால் சாப்பிட முடிகிறவர்களுக்கு முதலில் ஈரல்தான். வார்டிலேயே இருக்கட்டும், நாங்களே கொடுக்கிறோம் என்றார் டாக்டர்.

சொந்தங்களே, நான் செய்த முதல் பாவம் இங்கே ஆரம்பமாகிறது. அன்று வியாழக்கிழமை. மறுநாள் பங்குனி முதல் வெள்ளி. எங்கள் கோவிலில் காப்புக் கட்டு.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் மலர் வேறு ஊர்களுக்கும் போகும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் கரகத்தை என் அப்பா தூக்கினார், அவருக்குப் பிறகு நான். கரகம் தூக்குகிறவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றில் காப்பு ஏறிவிட்டால், அதை அவிழ்க்கிற நாள் வரை அவன் தோட்டத்து எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. அவன் வீட்டு அடுப்பில் கவுச்சி ஏறக் கூடாது. கடுகு தாளிக்கக்கூட மாட்டோம். வீட்டுக்காரியும் அதே விரதம். அதுவும் அந்த வருஷம், எட்டு வருஷம் கழித்துப் பிள்ளை கொடுத்தவளுக்கு நன்றிக் கரகம் என்று வேண்டியிருந்தேன்.

டாக்டரிடம் கோவில் விசேஷம் என்று சொல்லி, வீட்டிலேயே ஈரல் கொடுக்கிறேன், அழைத்துப் போக விடுங்கள் என்று கெஞ்சினேன். அவருக்கு இஷ்டமில்லை. சத்தியமாகக் கொடுப்பாயா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேனா, கொடுக்க மாட்டேன் என்று எனக்கே தெரியுமா, இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. பத்து நாள் கழித்துக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை என் கையில் காப்பு ஏறியது. ஈரல் வாங்கவில்லை.

அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் விரதத்தை எவ்வளவு கட்டுத்திட்டமாகப் பிடிக்கிறேனோ, அவ்வளவுக்கு அவள் என் மனைவியைக் காப்பாற்றக் கடமைப்பட்டவள் என்று நினைத்தேன். பக்தி என்று பேர் வைத்துக்கொண்டு நான் செய்தது பேரம்.

பக்கத்துக் காம்பராவில், சுவருக்கு அடுத்த அறையில், சூசையம்மா என்று ஒரு அக்கா இருந்தார்கள். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், அவர்கள் வீட்டுக்கு விரதம் இல்லை. மூன்றாம் நாள் ராக்கம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். டாக்டர் சொன்ன விஷயம் அதற்குள் லயம் முழுக்கத் தெரிந்திருந்தது.

"தம்பி, நானே வாங்கி என் அடுப்புல சமைக்கிறேன். என் காம்பராவுல ஒக்கார வச்சு ஊட்டிவிடுறேன். ஒங்க வீட்டுப் பாத்திரம்கூட படாது. நீ பாக்கவும் வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் வேதத்தை உங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த அக்கா தன் காம்பராவுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஐந்தாம் நாள் ராக்கம்மாவே கேட்டாள். சுவரோரமாகப் படுத்திருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். டாக்டர் சொன்னாரே, கொஞ்சமாச்சும் கொடுத்தால் பிள்ளைக்கு நல்லதில்லையா என்றாள். அதற்கு நான் சொன்ன பதிலை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எழுதுகிறேன்.

"பத்து நாளைக்கு வாயைக் கட்ட முடியாதா ஒனக்கு?"

அவள் மறுபடி கேட்கவே இல்லை.

திருவிழா நடந்தது. கரகம் ஆடினேன். அந்த வருஷம் போல நான் என்றைக்கும் ஆடியதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். மனைவி படுக்கையில் கிடந்தும் விரதம் குலைக்காதவன் என்று பெரியவர்கள்கூட என் காலில் விழுந்து திருநீறு வாங்கினார்கள். எனக்குப் பெருமை தலைக்கு மேல் இருந்தது. கரகம் எங்கள் லயத்தைத் தாண்டும்போது ராக்கம்மா வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கும்பிடக் கையைத் தூக்கினாள், பாதியில் கை இறங்கிவிட்டது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஆடிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காப்பை அவிழ்த்தேன். திங்கட்கிழமை காலை அவளைக் கண்டிக்குக் கொண்டு போனேன். இந்தத் தடவை ரயில் பெட்டியிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்கள்.

டாக்டர் மறுபடி விரலில் குத்தினார். தானே உட்கார்ந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு வந்து ராக்கம்மாவிடம் ஈரல் சாப்பிட்டீரோ என்று கேட்டார். அவள் வாயைத் திறக்கும் முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"சாப்பிட்டாங்கய்யா. தெனமும் அரைப் பவுண்டு."

ராக்கம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

ஏன் பொய் சொன்னேன்? ஏச்சுக்குப் பயந்து. படித்தவர் முன்னால் மடையனாக நிற்க வெட்கப்பட்டு. விரதம் முடிந்துவிட்டது, இனிமேல் கொடுத்தால் போச்சு, பத்து நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்று ஒரு எண்ணம். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு பொய் எவ்வளவு தூரம் போகும் என்று அன்று எனக்குத் தெரியாது. டாக்டர் என் வாயை நம்பினார். பத்து நாள் ஈரல் உள்ளே போயும் புதுச் சிவப்பணு வரவில்லை என்றால், இது பசி இல்லை, மச்சையே கெட்டுப்போன வேறு வியாதி என்று முடிவு செய்தார். அவர் படிப்பு அப்படித்தான் சொல்லும். இனி ஈரலால் பலன் இல்லை என்று அதையே நிறுத்தச் சொல்லிவிட்டார். வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று வார்டில் உத்தரவு. ரத்தம் மட்டும் ஏற்றினார்கள். அது ஏறுகிற வேகத்தில் இறங்கியது. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். இப்போது போய்ச் சொல்லலாம், இப்போது போய்ச் சொல்லலாம் என்று நினைப்பேன். எழுந்திருக்க மாட்டேன்.

புதன்கிழமை அவளுக்கு வலி கண்டது. மாசம் ஆகவில்லை.

பிள்ளை பிறந்தது, அழவில்லை. நர்ஸ் மிஸ்ஸி வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பெண் பிள்ளை, பார்க்கிறாயா என்று சிங்களத்தில் கேட்டார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். எட்டு வருஷம் காத்திருந்த பிள்ளை. முகத்தை மூடியிருந்த துணியை விலக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரி ஆள் ஒருவரும் நானும் போய் அடக்கம் செய்தோம். அவர் ஒரு கையாலேயே தூக்கிக்கொண்டு நடந்தார். அவ்வளவு சின்னது. பிறகு என்னிடம் கொடுத்தார். கனமே இல்லை. நான் அந்தக் கையால்தான் போன வாரம் கரகத்தைப் பிடித்தேன்.

சாயங்காலம் ராக்கம்மாவுக்கு நினைவு வந்தது. என்ன பிள்ளை என்று கேட்டாள். பொம்பளைப் பிள்ளை என்றேன். யார் சாயல் என்று கேட்டாள்.

"ஒன்னோட சாயல்தான் புள்ள."

இரண்டாவது பொய். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். எங்களை மாதிரி ஆட்களை டாக்டர்மார் உட்காரச் சொன்னால் நல்ல சேதி இல்லை என்று அர்த்தம். செய்யக்கூடியதெல்லாம் செய்தாகிவிட்டது என்றார். ரத்தம் ஏற்றி ஏற்றிக் கொஞ்ச நாள் ஓட்டலாம், அதுவும் நிற்காது என்றார்.

"வீட்டில தாய் தகப்பன் இருந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும். கனகாலம் தாங்காது."

எழுந்து வெளியே வந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்தேன். கொஞ்ச தூரத்தில் ரோட்டோரம் ஒரு சின்ன மாரியம்மன் கோவில். உச்சிப் பூசை முடிந்து பூசாரி கம்பிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கும்பிடவில்லை. சண்டை போட்டேன். கட்டிய மனைவி சாகப் போகிறாள், பிள்ளை செத்துவிட்டது, இனி எனக்கு யாரிடம் என்ன பயம்? வாய்விட்டுக் கத்தினேன்.

"தாயே, காப்புக் கட்டுன அன்னைலேருந்து என் அடுப்புல கவுச்சி ஏறல. அவ வாய்விட்டுக் கேட்டும் ஒரு துண்டு ஈரல் நான் கண்ணுல காட்டல. ஒரு துண்டு காட்டல. ஒனக்காகத்தானே அவ வாயைக் கட்டுனேன்..."

அதோடு என் வாய் நின்றுவிட்டது.

ஒரு துண்டு ஈரல் கண்ணில் காட்டவில்லை. இதைத் தாயிடம் பெருமையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை டாக்டரிடம் தினமும் அரைப் பவுண்டு என்று சொன்னவனும் நான்தான். இரண்டும் ஒரே வாய். அந்தக் கம்பிக் கதவுக்கு முன்னால்தான் இரண்டையும் ஒன்றாகக் கேட்டேன். அடையாளம் வரவில்லை, அதனால் பிழைக்க மாட்டாள் என்கிறாரே டாக்டர், அடையாளம் எப்படி வரும்? பசித்த எலும்புக்குச் சோறு போட்டால்தானே தெரியும், அது பிழைக்குமா பிழைக்காதா என்று. அவள் எலும்பில் குற்றம் இருக்கிறதா என்று யாருக்குமே இன்னும் தெரியாது. தெரிய விடாமல் மறைத்து வைத்திருக்கிறவன் நான்.

அம்மன் பேசினாளா என்று சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். பேசவில்லை. பூ விழவில்லை, பல்லி சொல்லவில்லை. நான் உள்ளே மறைத்து வைத்திருந்ததை என் வாயாலேயே வெளியே வரவைத்தாள். அதுதான் அவள் கொடுத்த பதில். என் வாழ்நாளில் எனக்கு அவள் நேராகக் கொடுத்த ஒரே பதில் அதுதான் என்று நம்புகிறேன். அதற்குப் பிறகுதான் கும்பிட்டேன். புள்ள போனது போகட்டும் தாயே, இவ உசுரு போறதுக்குள்ள என் கால அங்க கொண்டுபோய் விட்டுரு என்று கேட்டேன். ஓடினேன்.

டாக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பி வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். காலில் விழுந்தேன். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"ஐயா, ஈரல் குடுக்கலங்க. ஒரு நாளும் குடுக்கல. பொய் சொன்னேனுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"அவவின்ர மச்சையில பிழை எண்டு நான் எழுதி வச்சிருக்கிறன். உம்மட சொல்லை நம்பி எழுதினது."

சாப்பிடப் போகாமல் திரும்பி நடந்தார். அரை மணி நேரத்துக்குள் ராக்கம்மாவுக்கு ஈரல் சத்து ஊசி போட்டார்கள். அரிது என்று சொன்ன அந்த ஊசியை எங்கேயிருந்து தேடி எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தவரிடம், நான் ஈரல் கொடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று கேட்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று ஆசைப்பட்டேன்.

"எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லமாட்டன்," என்றார்.

இன்றைக்கும் எனக்கும் தெரியாது. அது என் கூடவே வருகிறது.

அதற்குப் பிறகு காத்திருந்த நாட்களைப் பற்றி என்ன எழுதுவது? தினமும் ஊசி, தினமும் விரலில் ஒரு குத்து. அவள் விரலில் குத்த இடமில்லாமல் போனது. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் டாக்டர் என்னைத் தாண்டிப் போகும்போது தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. நான் உண்மையைச் சொன்னதே நேரம் கடந்துதானோ என்று பயந்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான் என் நிலை. ஒவ்வொரு நாளும் மத்தியானம் அந்தக் கம்பிக் கதவுக்குப் போவேன். ஒன்றும் தருகிறேன் என்று சொல்லவில்லை. கரகம் எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன், எதுவும் இல்லை. காப்பாற்று தாயே என்பேன், திரும்பி வருவேன்.

ஏழாம் நாள் புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். டாக்டர் வராந்தாவுக்கு வந்து, என் தோளைத் தட்டி, வாரும் என்றார். ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போய், மேசையில் இருந்த பூதக்கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். எனக்கு முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. அவர் எதையோ திருகினார். வட்ட வட்டமாக நிறையத் தெரிந்தது. சிலது வெறும் வட்டம். சிலதுக்குள்ளே மட்டும் நீல நூலைச் சிக்கலாகப் போட்ட மாதிரி இருந்தது. அது ஒன்றிரண்டு இல்லை, பார்க்கிற பக்கமெல்லாம் இருந்தது.

"நீலம் தெரியுதோ? அதெல்லாம் புதுசு. மச்சை வேலை செய்யுது. உம்மட மனுசி தப்பியிட்டா," என்றார்.

நான் கண்ணை எடுக்கவில்லை. அழுகையில் வட்டமெல்லாம் கலங்கிப் போனது. டாக்டர் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்து, குழாய் நனைந்துவிடும் தள்ளி நில்லும் என்று அதட்டினார். அவர் குரலும் சரியாக இல்லை.

சித்திரை வருஷப் பிறப்பு வார்டிலேயே போனது. அதற்கு அடுத்த வாரம் ராக்கம்மா தன் காலால் நடந்து ரயில் ஏறினாள். நாக்கு ஆறிவிட்டது. கீழ் இமையை நானே இழுத்து இழுத்துப் பார்ப்பேன், சிவப்பாக இருந்தது. லயத்துக்கு வந்ததும் முதல் காரியமாகச் சூசையம்மா அக்காவிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்த அக்காவே ராக்கம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள்.

டாக்டரிடம் உண்மை சொல்ல ஒரு வாரம் கூடப் பிடிக்கவில்லை எனக்கு. ராக்கம்மாவிடம் சொல்ல இரண்டு மாதம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, பிள்ளை முகத்தை நான் பார்க்கவேயில்லை, உன் சாயல் என்று சொன்னது பொய் என்றேன். அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும். நீங்க பொய் சொன்னா எனக்குத் தெரியும். டாக்டர்கிட்ட சொன்னப்பவும் எனக்கு வாய் இருந்துச்சுல்ல? கோவிச்சுக்குவீங்கன்னு பேசாம இருந்துட்டேன். அந்தப் புள்ளைக்கு நம்ம ரெண்டு பேரும்தான் பொய் சொன்னோம்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பாவத்தில் பாதியைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சாகிற நிலையிலும் வாய் திறக்க முடியாத அளவுக்கு ஒரு பெண்ணைப் பயப்படுத்தி வைத்திருந்தேன். அதை நான் இத்தனை வருஷம் அடக்கம் என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் காப்புக் கட்டு அன்று, எல்லோர் முன்னிலையிலும் என் கையை நீட்டவில்லை. நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் விரதம் வேண்டாம், டாக்டர் சொன்னதை அவர்கள் சாப்பிடட்டும் என்று கேட்டுக்கொண்டேன். சலசலப்பு வந்தது. சிலர் அம்மனுக்கே தீட்டு என்றார்கள். ஒருத்தர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார். இரண்டு வருஷம் இழுத்துப் பிறகு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இப்போது திருவிழா நாட்களில் படுத்துக் கிடக்கிறவர்களுக்குச் சூசையம்மா அக்காவின் அடுப்பில்தான் ஈரலும் மீனும் வேகும். மஸ்கெலியாக் கடைக்குப் போய் வாங்கி வருவது நான். கவுச்சி தொடுகிற கை கரகம் தொடக் கூடாது என்றார்கள், சரி என்று என் சின்னய்யா மகனிடம் கரகத்தைக் கொடுத்துவிட்டேன். திருவிழாச் சமயத்தில் வாலிபர்கள் என்னை ஈரல் மாமா என்று கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். கரகம் இறங்கிய தலை லேசாகத்தான் இருக்கிறது.

எங்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. ராக்கம்மா இருக்கிறாள். இன்றைக்கும் காலையில் மலைக்குப் போனாள், வந்ததும் தண்ணீர் சூடு பண்ணவில்லை என்று என்னை ஏசினாள். அந்த ஏச்சு காதில் விழுகிற ஒவ்வொரு நாளும் தாய்க்கு நன்றி சொல்கிறேன்.

சொந்தங்களே, நீங்களும் அவளை நம்புங்கள். நம்பிப் போய்க் கேளுங்கள், தருவாள். எனக்கே தந்தாளே, அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அவளுக்குக் கொடுப்பதாகச் சொல்லி இன்னொருத்தர் வாயிலிருந்து பிடுங்காதீர்கள். டாக்டரிடம் ஒன்று, தாயிடம் ஒன்று என்று இரண்டு பேச்சு வைத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது வெளுத்துப்போய்ப் படுத்திருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள், என்ன வேண்டும் என்று. அவர்கள் சொல்கிறவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

இதை எழுதி முடித்து ராக்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு இடத்தில் எழுந்து போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். எதையும் மாற்றச் சொல்லவில்லை. அடியில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன். மூணு பேரையும் போடுங்க என்றாள்.

இப்படிக்கு,
மாரிமுத்து
ராக்கம்மா
பெயர் வைக்காமல் போன எங்கள் மகள்